கேட்டார்கள்... காதில் விழுந்ததா?

பி.காம். படிக்கும் எவரும் வணிகத் தகவல் தொடர்பு என்ற பாடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் முதல் பக்கங்களிலேயே ஒரு படம் இருக்கும். இடது பக்கம் ஒரு கட்டம், அனுப்புநர். வலது பக்கம் ஒரு கட்டம், பெறுநர். நடுவில் ஓர் அம்பு, செய்தி. கீழே வளைந்து திரும்பி வரும் இன்னோர் அம்பு, பின்னூட்டம். தேர்வில் இந்தப் படத்தைப் போட்டால் மதிப்பெண் உண்டு என்பதால் எல்லோரும் போடுவார்கள். அவசரத்தில் கீழே இருக்கும் அந்தத் திரும்பும் அம்பை மட்டும் விட்டுவிடுபவர்கள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.

வெளியுலகில் விட்டுப்போவதும் அந்த ஒரே அம்புதான்!

பேசத் தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பட்டிமன்றம், மேடை, தொலைக்காட்சி விவாதம் என்று எங்கும் பேச்சுதான். பேச்சுப் போட்டிக்குப் பரிசு தராத பள்ளி கிடையாது. கேட்கும் போட்டி என்று ஒன்றை எந்தப் பள்ளியாவது நடத்தியதுண்டா? வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அது வினாத்தாளைப் பற்றியதல்ல, செவி வழியாகப் பெறும் அறிவைப் பற்றியது. தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான் காது கொடுப்பதற்கும் வினவுவதற்கும். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்று இந்த மொழியை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நன்றாகக் கேட்பது எப்படி என்று புத்தகங்கள் சொல்லும் விதிகள் யாவருக்கும் தெரிந்தவை. கண்ணைப் பார், குறுக்கே பேசாதே, தலையை ஆட்டு, முன்முடிவோடு கேட்காதே. எல்லாம் சரிதான். ஆனால் கண்ணைப் பார்த்துக்கொண்டு, தலையையும் ஆட்டிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல் இருக்க முடியும். கடைசி பெஞ்சில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்! அப்படியானால் ஒருவர் கேட்டாரா இல்லையா என்பதை எதைக் கொண்டு சொல்வது?

இதற்கான விடை நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்பவர்களிடம் இருக்கிறது. பெரும்பாலான பேரம் போனில் நடக்கும் தொழில் அது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலையை அறிவிக்கும். அதிலிருந்து மைனஸ் இத்தனை காசு என்று வியாபாரிக்கும் பண்ணைக்காரருக்கும் பேச்சு நடக்கும். பழகிய வியாபாரி பேசி முடித்தவுடன் போனை வைத்துவிட மாட்டார். "அப்ப ஒரு லட்சங்க, மைனஸ் இவ்வளவுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏத்தறீங்க, சரிதானுங்களே?" என்று எதிராளி சொன்னதையே எதிராளிக்குத் திருப்பிச் சொல்வார். அந்தப் பக்கம் "ஆமாங்க" என்று வந்த பிறகுதான் பேரம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு லட்சம் முட்டையில் முட்டைக்குப் 10 காசு தவறாகக் காதில் விழுந்தால் 10,000 ரூபாய் போச்சு. எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமலேயே அந்தத் திரும்பும் அம்பை அவர்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கேட்டதற்கு அத்தாட்சி தலையாட்டல் அல்ல. கேட்டவர் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் அதை ஆமோதிக்க வேண்டும். இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் வெறும் மரியாதை நடிப்பு.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. இங்கே 'சரிங்க' என்று ஒரு சொல் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பல நேரங்களில் அதற்கு "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. "பார்க்கலாமுங்க" என்றால் அநேகமாக முடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று எழுந்தால் அந்தச் சம்பந்தத்தை மறந்துவிடலாம்! முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகிய ஊர் இது. கையில் கோப்போடு ஜீப்பில் வந்து இறங்கும் அதிகாரியிடம் ஒரு விவசாயி எத்தனை முறை 'சரிங்க' சொன்னாலும், அதை ஒப்புதல் கணக்கில் எழுதக் கூடாது.

இந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனரீஃப் தீவில், மூடுபனிக்குள் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. ஒன்று டச்சு கே.எல்.எம்., மற்றொன்று அமெரிக்க பான் ஆம். "புறப்படும் இடத்தில் இருக்கிறோம்" என்பதுபோல் ஒரு வாக்கியம் டச்சு விமானத்திலிருந்து வந்தது. கோபுரத்தில் இருந்தவர் "ஓகே" என்றார். அதைத் தொடர்ந்து, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றும் சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானியும் பேச, இரண்டு குரல்களும் மோதி, டச்சு விமானத்தில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும்தான். விமானமோ அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வானொலியில் பயன்படுத்தும் வாசகங்களை உலகம் முழுவதும் இறுக்கினார்கள். விமானி அனுமதியின் முக்கியப் பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் 'ஓகே' போதாது என்பது கண்டிப்பானது. ஸ்பானியரின் 'ஓகே'வும் சேலத்துக்காரரின் 'சரிங்க'வும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

சரி, இனி உள்ளூர் விஷயத்துக்கு வரலாம்.

சேலம் மாவட்டத்தில் "கேட்டோம்" என்று ஒரு தரப்பும் "எங்களை யார் கேட்டார்கள்?" என்று இன்னொரு தரப்பும் உறுதியாகச் சொன்ன விவகாரம் 8 வழிச்சாலை. 2018-இல் அறிவிக்கப்பட்ட சென்னை - சேலம் பசுமை வழிச்சாலைத் திட்டம். 277 கிலோமீட்டர் நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வந்து சேலத்தில் முடிவதாகத் திட்டம். பயண நேரம் பாதியாகக் குறையும் என்று அரசு சொன்னது. அந்தச் சாலை நல்லதா கெட்டதா என்று இங்கே பேசப் போவதில்லை. பேச நினைத்தால் இரண்டு பக்கமும் பேசலாம். லாரித் தொழிலையே நம்பி இருக்கும் நாமக்கல், சங்ககிரி பகுதியில் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே பேச்சு, அந்தச் சாலையைப் பற்றி மக்களிடம் எப்படிப் பேசப்பட்டது, எப்படிக் கேட்கப்பட்டது என்பது மட்டுமே.

சட்டப்படி கேட்க வேண்டுமா? வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இல் 3ஏ என்று ஒரு பிரிவு. நிலம் எடுக்கப் போகிறோம் என்று அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதன் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அடுத்து 3சி. அறிவிப்பு வந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ அதிகாரி விசாரிக்க வேண்டும். பிறகு ஏற்கலாம், தள்ளலாம். அவர் போடும் உத்தரவே இறுதி. அதற்கும் அடுத்த பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வந்தவுடன் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். 21 நாள் என்பது மூன்று வாரம். ஒரு போகம் கீரை வளரும் காலம்.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அனுப்புநர், செய்தி, பெறுநர், பின்னூட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி எந்த மொழியில் வந்தது என்று பார்க்க வேண்டும். தமிழில்தான் வந்தது, ஆனால் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் ஹெக்டேரும் நிறைந்த தமிழ். குப்பனூரிலோ பூலாவரியிலோ யாரும் தன் நிலத்தைப் புல எண் சொல்லி அழைப்பதில்லை. கிணத்துமேட்டுக் காடு, பெரிய தோட்டம், வாய்க்கால் ஓரத்து வயல் என்றுதான் பேச்சு. ஏக்கரும் சென்டும் தெரிந்தவருக்கு 0.2150 ஹெக்டேர் என்றால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த அரை ஏக்கருக்குள்தான் கிணறு இருக்கிறது, மீதி நிலம் தப்பினாலும் தண்ணீர் போய்விடும் என்பது அந்த எண்ணில் எங்கேயும் தெரியாது. எத்தனை சரியாக இருந்தாலும், பெறுநர் தன் நிலம் என்று அடையாளம் காண முடியாத ஒரு தாள் செய்தி ஆகாது. வெறும் தபால்.

2018 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு அளவைப் பணி நடந்தது. ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், பூலாவரி என்று ஊர் ஊராக எல்லைக் கல் நட்டார்கள். வயதான பெண்கள் தங்கள் வயலில் நடப்படும் கல்லின் முன் விழுந்து அழுததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே மாதத்தில், மக்களைத் தூண்டும் வகையில் பேசினார்கள் என்று நடிகர் மன்சூர் அலிகானும் சேலத்தைச் சேர்ந்த சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் கைது செய்யப்பட்டார்கள். பெரும்பாலான விவசாயிகள் விருப்பத்தோடுதான் நிலம் தருகிறார்கள் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. எத்தனை பேரின் 'சரிங்க' அந்தக் கணக்கில் சேர்ந்ததோ! எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் பேசாமல் இருப்பவரைச் சம்மதித்தவர் பட்டியலில் சேர்ப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மக்கள் கேட்டது "எதற்கு?" என்று. சென்னைக்கு உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு சாலை, கிருஷ்ணகிரி வழியாக ஒரு சாலை ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை அகலப்படுத்தினால் ஆகாதா என்பது திரும்பத் திரும்ப வந்த கேள்வி. அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த பதிலோ பெரும்பாலும் "எவ்வளவு" என்பதாக இருந்தது. தென்னைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, சந்தை மதிப்பைவிட இத்தனை மடங்கு என்று. இழப்பீடு நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் எதற்கு என்று கேட்டவருக்கு எவ்வளவு என்று பதில் சொன்னால், கேட்டவர் தன்னை விலை பேசுவதாகத்தான் நினைப்பார். பதில் சொல்லும் முன் "நீங்கள் கேட்பது இதுதானே?" என்று ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்திருந்தால் இந்த இடறல் அப்போதே தெரிந்திருக்கும்.

விவகாரம் நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. முதலில் சுற்றுச்சூழல் அனுமதி, பிறகே நிலம் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 3ஏ அறிவிக்கை என்பது நிலம் எடுக்கும் உத்தேசத்தைச் சொல்வது மட்டுமே, அந்தக் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. அதே தீர்ப்பில், வருவாய்ப் பதிவேடுகளில் மாற்றப்பட்ட பெயர்களை மீண்டும் நில உரிமையாளர்கள் பெயருக்கே மாற்ற வேண்டும் என்றும் சொன்னது.

உச்ச நீதிமன்றம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நிலம் என்றே தெரியாமல் யாரிடம் போய்க் கேட்பது? முதலில் ஒரு கோடு போட்டால்தானே அந்தக் கோட்டில் இருப்பவர் பேச முடியும்? சட்டத்தின் தர்க்கம் அது. ஆனால் ஒரு விவசாயிக்கு உத்தேசமும் முடிவும் வேறு வேறு என்று எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவது வயலில் நட்ட கல். கல்லை நட்டுவிட்டு "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டால், ஜவுளிக்கடையில் பில் போட்ட பிறகு "வேற ஏதாச்சும் பார்க்கறீங்களா?" என்று கேட்பது போலத்தான் அவருக்குத் தோன்றும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும். பழைய தேவாலயக் கோபுரமும் தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும். 1925-இல் ஆரம்பித்து 1934-இல் முடிந்த அந்த அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களின் கோயில்கள் அவை. விசித்திரம் என்னவென்றால், நிலம் எடுக்கும் முன் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்ற 5ஏ பிரிவை 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் வெள்ளைக்காரன் சேர்த்தது 1923-இல்தான். அதாவது சட்டம் வந்து 29 வருடம் கழித்து! அதற்கு முன் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அந்த 5ஏ வெற்றுச் சடங்கு அல்ல என்று சுதந்திர இந்தியாவில் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்ல வேண்டியிருந்தது. சடங்காக நடக்காத ஒன்றைப் பற்றி அப்படிப் பல முறை சொல்ல வேண்டிய தேவை வராது அல்லவா? 2013-இல் புதிய சட்டம் வந்தபோது சமூகத் தாக்க மதிப்பீடு, அதற்கென்று பொது விசாரணை எல்லாம் வந்தன. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை அந்தப் பகுதியிலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள்.

கேட்பது எப்படி என்று நம் சட்டங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-ஐ எடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் முடியும்போது நடந்தவற்றின் குறிப்பை அங்கேயே கூட்டத்தினருக்கு அவர்கள் மொழியில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து.

முட்டை வியாபாரி போனை வைக்கும் முன் செய்வது அரசாங்க அறிவிக்கையிலேயே இருக்கிறது!

நடைமுறைதான் வேறு. கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வரும் காட்சி ஒன்று உண்டு. ஒரு கல்யாண மண்டபம். வாசலில் போலீஸ். முன்வரிசைகளில் திட்டத்துக்கு ஆதரவாக வண்டி வைத்து அழைத்து வரப்பட்டவர்கள். மைக்குக்காக இழுபறி. ஒருவர் பேசும்போதே பின்னாலிருந்து கூச்சல். மேடையில் இருப்பவர் மணியைப் பார்ப்பார். இத்தனைக்கும் அந்த அறிவிக்கையின்படி குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வந்தவர் சொன்னது முக்கியம், தலை எண்ணிக்கை முக்கியமல்ல என்பதுதான் அதன் எண்ணம். கடைசியில் அந்த வாசித்துக் காட்டும் படி வரும்போது மண்டபத்தில் சாம்பார் வாசனை வந்துவிட்டிருக்கும், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நியாயமாக, இதே சமவெளியில் கேட்பது பலித்த கதையையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பேர்போனது போலவே, ஒரு காலத்தில் எச்.ஐ.வி. தொற்று அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்றாகவும் பேசப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. ஆரம்ப கால விளம்பரங்கள் பயமுறுத்தின. பயந்தவர்கள் திருந்தவில்லை, ஒளிந்துகொண்டார்கள்! 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை வந்தது. அது வாயை அடைக்காமல் வாயைத் திறக்க வைத்தது. டீக்கடையில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. அந்த விளம்பரத்துக்கு எதிர்ப்புகளும் வந்தன, அவற்றில் சில நியாயமானவை. ஆனால் அறிவுரை கூறாமல் ஒரு கேள்வியை வைத்தது என்பதே அதுவரை இல்லாத ஒன்று.

விளம்பரத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒற்றை அம்புதான். திரும்பும் அம்பு, அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயர் எழுதிய சின்ன அறைகளில் இருந்தது. பரிசோதனைக்கு முன் ஓர் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். ரத்தம் எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு வந்தவருடையது. முடிவு வந்த பிறகு மறுபடி பேச்சு. பதினைந்து நாள் வண்டியில் போய்விட்டு வந்த டிரைவரிடம் "எங்கே போனாய், என்ன செய்தாய்" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். அவருக்கு என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறார், வீட்டில் யாரிடம் சொல்ல முடியும் என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அந்த வேலைக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாதி நேரம் அவர் செய்வது கேட்பதுதான். சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது என்பது 2017-இல் சட்டமாகவே ஆனது.

இதில் பெண்களின் பக்கம் நீண்ட நாள் யாராலும் கேட்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவர் மூலம் தொற்றுக்கு ஆளான நாமக்கல் பெண் கௌசல்யா, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து பேசினார். 1998-இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். குடும்பப் பெண்ணுக்கு இது வராது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், வந்தவர் ஒருவர் நின்று பேசிய பிறகுதான் அந்தப் பக்கம் காதுகள் திரும்பின.

இரண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்? நம்பிக்கை மையத்தில் கேட்பவருக்கு அவசரம் இல்லை, முன்பே எழுதி வைத்த முடிவும் இல்லை. வந்தவர் 'வேண்டாம்' என்று எழுந்து போனால் போகலாம். பதில் எதுவாக இருந்தாலும் ஒன்றும் மாறப் போவதில்லை என்ற இடத்தில் காது எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

திங்கட்கிழமை காலையில் சேலம் அல்லது நாமக்கல் ஆட்சியர் அலுவலகப் பக்கம் போனால் கேட்பதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள், கையில் மஞ்சள் பையோடு முதியவர்கள், பட்டா, உதவித்தொகை, பாதைத் தகராறு. மனுவைக் கொடுத்தால் எண் போட்டு ஒரு ரசீது வரும். சில வாரம் கழித்து, உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்ற மாதிரி ஒரு கடிதம் வரும். உரிய அலுவலர் என்பவர் பல நேரங்களில் யார் மேல் புகாரோ அவரேதான்!

2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அதற்கு முன் அதே குறைதீர்க்கும் நாளில் பலமுறை மனு கொடுத்தவர் அவர். அந்த நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க ஆட்சியர் அலுவலகங்களில் ஒரு மாற்றம் வந்தது. வாசலில் போலீசார் நின்று மனு கொடுக்க வருபவர்களின் பையைச் சோதிக்கிறார்கள், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. மனு வாங்கும் மேசையில் அவ்வளவு கண்ணில் படும்படியாக ஒரு மாற்றம் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த மேசையில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்க்கலாம். மனுவை வாங்கும் எழுத்தர் முத்திரை குத்தும் முன், "அம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, உதவித்தொகை மூணு மாசமா வரலை, ஆர்.ஐ. ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டுட்டீங்க, இதுதானுங்களே?" என்று ஒரு முறை சொல்ல வேண்டும். அந்த அம்மா ஆமாம் என்றால் அதே மூன்று வரியை ரசீதிலும் எழுத வேண்டும். பதில் கடிதம் வரும்போது அந்த மூன்று வரி மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே பதில். நெடுஞ்சாலை ஆட்சேபத்தைத் தள்ளி உத்தரவு போடும் அதிகாரிக்கும் இதே விதி. "நீங்கள் சொன்னது: கிணறு போகிறது, மீதி நிலத்துக்குத் தண்ணீர் இல்லை" என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே "தள்ளுபடி" என்று எழுதட்டும். பேனா கொஞ்சமாவது தயங்கும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு திங்கட்கிழமை 300 மனு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மனுவுக்கு இரண்டு நிமிடம் வீதம் 600 நிமிடம், பத்து மணி நேரம். ஐந்து எழுத்தர்கள் இருந்தால் ஆளுக்கு இரண்டு மணி நேரம். எதிர்ப்பக்கக் கணக்கில், சரியாகப் புரிந்துகொள்ளாததால் அதே மனுவோடு ஐந்து முறை வரும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஐந்து பஸ் டிக்கெட், ஐந்து நாள் கூலி. அலுவலகத்துக்கு ஐந்து பதிவு எண், ஐந்து கோப்பு, ஐந்து கடிதம். இந்தச் செலவு எந்தத் துறையின் ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதால்தான் முதல் கணக்கு பெரிதாகத் தெரிகிறது.